கடனும் கைகளும்: சான் பிரான்சிஸ்கோவின் வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம்

சான் பிரான்சிஸ்கோ நகரின் வடக்கு ஓரத்தில், நெடுங்காலம் ராணுவத் தளமாக இருந்து 1994இல் தேசியப் பூங்காவின் பகுதியாக மாறிய பிரெசிடியோவில், படைவீரர்கள் தங்கியிருந்த செங்கல் கட்டடங்களுள் ஒன்றில் வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் 2009 அக்டோபர் 1 முதல் இயங்கிவருகிறது. பெயரிலுள்ள ‘குடும்ப’ என்ற சொல் முக்கியமானது. இதை நடத்துவது டிஸ்னி நிறுவனம் அன்று. தந்தையின் பெயர் வணிகச் சின்னமாக மட்டும் எஞ்சி, அப்படியொரு மனிதர் வாழ்ந்தார் என்பதே மக்கள் மனத்திலிருந்து அகன்றுவருவதைக் கண்டு வருந்திய மூத்த மகள் டயான் டிஸ்னி மில்லர் முன்னின்று உருவாக்கிய, இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று இதை நடத்துகிறது. அவர் 2013இல் காலமானார்.

இங்கே இரண்டு நாட்களைச் செலவிட்ட எனக்கு, ஒரு கார்ட்டூன் நிறுவனம் எப்படி எழுந்து நின்றது என்பதை அதன் பொழுதுபோக்குப் பூங்காக்களைவிட இந்தப் பத்துக் காட்சிக்கூடங்கள் தெளிவாக விளக்குவதாகப்பட்டது. நுழைவுக்கூடத்தில் தொடங்கும் கதை வெற்றிக் கதையாகவே தெரியும். ஆனால் கண்ணாடிப் பேழைகளை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால், அது வாங்கிய கடனின் வரலாறாகவும், பெயர் பொறிக்கப்படாத பல நூறு கைகளின் வரலாறாகவும் விரியும். அந்த இரண்டையும் தேடிப் பார்ப்பவருக்கு இந்த அருங்காட்சியகம் அள்ளித் தருகிறது.

நுழைவுக்கூடம் முழுவதும் விருதுகள். போட்டிப் பிரிவுகளில் மட்டும் 22 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றவர் வால்ட். அவற்றுக்கு நடுவே, ஸ்னோ ஒயிட் படத்துக்காக 1939இல் தரப்பட்ட, ஒரு பெரிய சிலையும் படிப்படியாக இறங்கும் ஏழு சிறிய சிலைகளும் கொண்ட சிறப்பு விருதும் இருக்கிறது. எல்லாரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் திரும்பி வரும்போது பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அந்தப் படத்துக்கு அடகுவைக்கப்பட்டது என்னவென்று அறிந்த பின் அந்த ஏழு சிறு சிலைகளின் பொருள் மாறிவிடும்.

முதல் கூடம் 1901இல் சிகாகோவில் பிறந்த குழந்தையிலிருந்து தொடங்குகிறது. மிசூரி மாநிலத்தின் மார்சலீன் சிற்றூரில் கழிந்த சில ஆண்டுகள், கான்சஸ் நகரில் விடியலுக்கு முன் எழுந்து செய்தித்தாள் போட்ட நாட்கள், முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக வண்டி ஓட்டியது ஆகிய இவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியது, 1922இல் கான்சஸ் நகரில் அவர் தொடங்கிய லாஃப்-ஓ-கிராம் என்ற சிறு நிறுவனத்தின் பகுதி. அடுத்த ஆண்டே அது திவாலாயிற்று. டிஸ்னி நிறுவனத்தின் வரலாறு உண்மையில் ஒரு நொடிப்பில்தான் பிறக்கிறது. அதை முதல் கூடத்திலேயே மறைக்காமல் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. அங்கிருந்து இரண்டாம் கூடத்துக்கு ஏறிச்செல்லும் மின்தூக்கியை ரயில் பெட்டி போல அமைத்திருக்கிறார்கள். 1923 கோடையில் கையில் ஒரு பெட்டியோடு ஹாலிவுட்டுக்கு ரயிலேறிய இளைஞனோடு நாமும் போகிறோம் என்பது இதன் குறிப்பு. எளிய உத்திதான், ஆனாலும் அந்தச் சில நொடிகள் நன்றாகவே வேலை செய்கின்றன.

1923 அக்டோபர் 16 அன்று, நியூயார்க்கின் பட விநியோகஸ்தர் மார்கரெட் விங்க்லருடன் ஆலிஸ் என்னும் சிறுமியை வைத்து எடுக்கும் குறும்படங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நிறுவனம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது இந்தத் தேதியைத்தான். முதல் ஆறு படங்களுக்குப் படம் ஒன்றுக்கு 1,500 டாலர் என்பது பேச்சு. ஆனால் படம் முடிந்து அனுப்பினால்தானே பணம் வரும்? ஆகவே சித்தப்பா ராபர்ட்டிடம் 500 டாலர் கடன். காசநோய்க்காகப் படைவீரர் மருத்துவமனையில் இருந்த அண்ணன் ராய், தம்பியின் அழைப்பை ஏற்று வந்து கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். ‘டிஸ்னி பிரதர்ஸ் கார்ட்டூன் ஸ்டுடியோ’ என்பதே முதல் பெயர். சில ஆண்டுகளில் பெயர்ப்பலகையிலிருந்து சகோதரர்கள் போய் வால்ட் மட்டும் நின்றார். ஆனால் அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் வங்கிக் கதவுகளைத் தட்டியவர் ராய். இந்த அருங்காட்சியகத்தை மகள் அமைத்ததால் ராய் வெறும் கணக்கராகச் சுருங்கிவிடாமல் குடும்பத்து மனிதராக, தம்பியோடு சண்டையிட்டும் தம்பியைத் தாங்கியும் வாழ்ந்தவராக வருகிறார். நிறுவன வரலாறுகளில் பொதுவாகக் கிடைக்காத பார்வை இது.

அடுத்து வரும் பேழைகளில் ஆஸ்வால்ட் என்ற முயலின் கதை. 1927இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக உருவாக்கிய இந்தப் பாத்திரம் நன்றாக ஓடியது. 1928இன் தொடக்கத்தில், படத்துக்குக் கூடுதல் பணம் கேட்க நியூயார்க்கு சென்ற வால்டிடம், விங்க்லரின் கணவரும் விநியோகத்தைக் கவனித்தவருமான சார்லஸ் மின்ட்ஸ் முன்பு தந்ததைவிடக் குறைவாகத்தான் தர முடியும் என்றார். அதோடு, வால்டின் ஓவியர்களுள் பெரும்பாலோரைத் தன் பக்கம் ஒப்பந்தம் செய்துவிட்டதையும், முயலின் உரிமை வால்டிடம் இல்லை என்பதையும் சொன்னார். படைத்தவனுக்குப் படைப்பில் உரிமையில்லை என்ற இந்த ஓர் அனுபவம்தான், பிற்காலத்தில் தன் பாத்திரங்களின் உரிமையை நூலிழைகூட விட்டுக்கொடுக்காததாக டிஸ்னி நிறுவனத்தை ஆக்கியது என்று நான் கருதுகிறேன். 2006இல், தொலைக்காட்சி விளையாட்டு வர்ணனையாளர் ஒருவரைத் தன் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, அதற்கு ஈடாக ஆஸ்வால்டை அந்த நிறுவனம் மீட்டது. எழுபத்தெட்டு ஆண்டுகள் ஒரு கணக்கை மறக்காமல் வைத்திருந்த நிறுவனம்!

முயல் போன இடத்தில் எலி வந்தது. மிக்கியின் அறியப்பட்ட மிகப் பழைய வரைபடங்கள் இங்கேதான் உள்ளன. பென்சிலில் தீட்டிய சிறு உருவங்கள், மங்கிய தாள், அவ்வளவுதான். இவற்றின் முன் நிற்கும்போது அப் ஐவர்க்ஸ் என்ற பெயரை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கான்சஸ் நகர நாட்களிலிருந்து வால்டுடன் இருந்தவர், மின்ட்ஸ் அழைத்தபோது போகாமல் நின்றவர், முதல் மிக்கி படத்தை ஏறக்குறையத் தனியொருவராக வரைந்தவர் அவர். நாளொன்றுக்கு 700 படங்கள் வரைந்தார் என்று சொல்வார்கள். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்ட, ஒலியோடு வந்த மிக்கி படமான ஸ்டீம்போட் வில்லியின் படச்சட்டங்களை ஒரு சுவர் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் ஊடகத்தில், அத்தனை பெரிய சுவரும் திரையில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் என்பதை அந்தச் சுவரைப் போல வேறெதுவும் உணர்த்தாது. அந்தப் படத்தின் ஒலிப்பதிவு முதல் முறை சரியாக அமையாமல் போக, மறுபதிவுக்குப் பணம் புரட்ட வால்ட் தன் காரை விற்றார். படத்தை வரைந்த ஐவர்க்ஸோ 1930இல் மனம் கசந்து வெளியேறியபோது, நிறுவனத்தில் தனக்கிருந்த ஐந்தில் ஒரு பங்கை மூவாயிரம் டாலருக்கும் குறைவான தொகைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்தவர், பங்காளராக இல்லாமல் ஊழியராகவே மீண்டும் சேர்ந்தார். இந்த அருங்காட்சியகம் அவருக்குரிய இடத்தைத் தருகிறது; ஆயினும் வருபவர் தேடிப் படித்தால்தான் அந்தப் பங்கின் கணக்கு உறைக்கும்.

நிறத்துக்கும் ஒலிக்கும் பிறகு அந்த ஸ்டுடியோ தேடியது ஆழத்தை. இங்குள்ள மல்டிபிளேன் கேமராவை நான் நீண்ட நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆள் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக எழுந்து நிற்கும் இரும்புச் சட்டகம் அது. உச்சியில் கீழ்நோக்கிய கேமரா; அதன் கீழே அடுக்கடுக்காகக் கண்ணாடித் தட்டுகள். தட்டையான ஒரே ஓவியத்தை நோக்கிக் கேமராவை நெருக்கினால், வீடு பெரிதாவதைப் போலவே வானத்து நிலவும் பெரிதாகும். கண் அதை நம்பாது. மரத்தை ஒரு கண்ணாடியிலும் வீட்டை இன்னொன்றிலும் நிலவைத் தொலைவிலுள்ள தட்டிலும் தீட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி வேகத்தில் நகர்த்தினால், மரங்கள் விலக, வீடு நெருங்க, நிலவு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த எளிய உண்மைக்காக ஒவ்வொரு சட்டத்துக்கும் பலர் சேர்ந்து ஒவ்வொரு தட்டையும் அளந்து நகர்த்தினார்கள். 1937இல் ‘தி ஓல்ட் மில்’ என்ற குறும்படத்தில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முழுநீளப் படத்துக்குக் கொண்டுசென்றார்கள்.

அந்த முழுநீளப் படமே ஸ்னோ ஒயிட். இரண்டரை லட்சம் டாலரில் முடியும் என்று எண்ணித் தொடங்கியது ஏறக்குறைய 15 லட்சத்தில் போய் நின்றது. திரையுலகம் அதை ‘டிஸ்னியின் மடத்தனம்’ என்றது. முடிக்கப் பணமில்லாமல், பாதி பென்சில் கோடுகளாகவே இருந்த படத்தை பாங்க் ஆஃப் அமெரிக்கா அதிகாரி ஒருவருக்குப் போட்டுக்காட்டிக் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வெளியான படம், அதுவரை வந்த பேசும்படங்களில் மிக அதிகம் வசூலித்ததாயிற்று. ஆனால் இந்தக் கூடத்தில் என் கண்ணை இழுத்தவை மை தீட்டி வண்ணம் பூசிய பிரிவின் புகைப்படங்களும் பொருட்களும். ஓவியர் பென்சிலில் வரைந்ததை செல்லுலாய்டு தாளில் மைக்கோடாகப் படியெடுப்பதும், பின்புறம் வண்ணம் நிரப்புவதும் பெண்களின் வேலை. வெண்ணிறக் கையுறை, வரிசையான மேசைகள், கை நடுங்கினால் தாள் வீண். வால்டின் மனைவி லில்லியனே அந்த மேசையில் வேலைக்குச் சேர்ந்தவர்தான். 1938இல் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்த நிறுவனம் எழுதிய மறுப்புக் கடிதம் இன்று பரவலாக அறியப்பட்டது. படைப்பு வேலை முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு அதில் இடமில்லை என்பது அதன் சாரம். இந்த அறையில் நிற்கும்போது அந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் கூடத்திலுள்ள ஒரு பொருளுக்காக மட்டுமே நான் மறுநாள் மீண்டும் போனேன். ஹெர்மன் ஷுல்தைஸ் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பவியலாளர், 1930களின் இறுதியில் அந்த ஸ்டுடியோவின் சிறப்புக் காட்சிப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், ஒவ்வொரு காட்சியும் எப்படி எடுக்கப்பட்டது என்பதை நுணுக்கமான கையெழுத்தில், புகைப்படங்களோடும் வரைபடங்களோடும் ஒரு குறிப்பேட்டில் பதிவுசெய்துவைத்தார். 1955இல் அவர் குவாத்தமாலா காட்டுக்குள் சென்று திரும்பவில்லை. குறிப்பேடு வீட்டிலேயே கிடந்து, பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர் மனைவியின் மறைவையொட்டி வெளிப்பட்டது. ஏடு பேழைக்குள் இருக்கிறது. அதன் பக்கங்களைப் பக்கத்திலுள்ள திரையில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படிக்கலாம். 1940இல் வந்த ஃபேன்டசியா படத்தில் சுழன்றிறங்கும் பனித்துகள்கள், கையால் அசைத்து வரைந்தவை அல்ல. வெட்டியெடுத்த பனித்துகள் வடிவங்களைச் சிறு சக்கரங்களில் பொருத்தி, மறைவான பாதையில் நகரவிட்டுக் கறுப்புத் துணியின் முன் படம்பிடித்தவை. எரிமலைக் குழம்பு கொதிக்கும் காட்சிக்குச் சேறு, ஓட்ஸ் கஞ்சி, காப்பித் தூள் சக்கை ஆகியவற்றைக் கலந்து குமிழ்விடச் செய்திருக்கிறார்கள். இப்படியான செய்முறைகள் ஒரு ஸ்டுடியோவின் தொழில் மறைபொருளாகவே மடிந்திருக்கும். ஒரு ஊழியரின் பொறுமையான கை அவற்றைக் காத்தது. இந்த அருங்காட்சியகத்தில் உள்ளவற்றுள் விலைமதிப்பற்றது எதுவென்று என்னைக் கேட்டால், விருதுகளையும் மிக்கியின் முதல் கோடுகளையும் கடந்து இந்தக் குறிப்பேட்டையே காட்டுவேன்.

ஆறாம் கூடம் கசப்பானது, அதனாலேயே முக்கியமானது. ஸ்னோ ஒயிட் தந்த பணத்தில் பர்பாங்க்கில் புதிய ஸ்டுடியோ எழுந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு சந்தை அடைபட, 1940இல் வந்த பினோக்கியோவும் ஃபேன்டசியாவும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அந்த ஆண்டே பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றுக் கடனைக் குறைக்க நேர்ந்தது. ஊதியத்தில் பெரும் ஏற்றத்தாழ்வு, திரையில் பெயர் வராத ஆதங்கம், தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்த முதலாளி. 1941 மே மாத இறுதியில், முன்னணி ஓவியர்களுள் ஒருவரும் சங்கத்தின் முகமாக நின்றவருமான ஆர்ட் பாபிட் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அதையடுத்து ஸ்டுடியோ வாசலில் மறியல் தொடங்கியது. ஆகஸ்டில் அரசின் நல்லெண்ணப் பயணமாக வால்ட் தென் அமெரிக்கா போனார். அவர் அங்கிருக்கும்போது இங்கே சங்கம் ஏற்கப்பட்டது. பிளவுபட்டு வெளியேறிய ஓவியர்கள் சிலர் பின்னாளில் யூபிஏ என்ற ஸ்டுடியோவில் புதிய கார்ட்டூன் பாணியையே உருவாக்கினார்கள். 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வால்ட் அந்த வேலைநிறுத்தத்தைக் கம்யூனிஸ்டுகளின் வேலையென்று சாட்சியம் சொன்னதும் வரலாறு. அருங்காட்சியகம் இவற்றை ஒளிக்கவில்லை. எனினும் இங்கே ஒலிப்பது பெரும்பாலும் காயம்பட்ட தந்தையின் தரப்பு. மறியல் வரிசையில் நின்றவரின் வீட்டு நிலவரம் இன்னும் விரிவாக வந்திருந்தால் இந்தக் கூடம் முழுமை பெற்றிருக்கும். மகள் தந்தைக்கு அமைத்த இடத்தில் அதை எதிர்பார்ப்பது எளிதன்று என்பதையும் நான் உணர்கிறேன்.

போர்க்காலத்தில் ராணுவத்துக்கான பயிற்சிப் படங்களும், படைப்பிரிவுகளுக்காக வரைந்த ஏறத்தாழ 1,200 சின்னங்களும், 1950இல் சின்ட்ரெல்லா வந்து நிறுவனத்தைக் காத்ததும் அடுத்தடுத்து வேகமாகக் கடக்கின்றன. அந்த வழியில் ஒரு சன்னலருகே கோல்டன் கேட் பாலம் தெரிகிறது. மங்கிய ஒளியில் நெடுநேரம் நின்ற கண்ணுக்கு அது நல்ல இளைப்பாறல்.

ஒன்பதாம் கூடம் திடீரென அகன்று திறக்கிறது. வால்ட் தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிய, எட்டில் ஒரு பங்கு அளவிலான ‘லில்லி பெல்’ நீராவி ரயில் இயந்திரம் இங்கே நிற்கிறது. மனைவியின் பெயரைக் கொண்டது, சில பாகங்களை அவரே கடைந்து செய்தது. அருகில் டிஸ்னிலாண்டின் மாபெரும் மாதிரி, விளக்குகளோடும் ஓடும் ரயிலோடும். குழந்தைகள் அதைவிட்டு நகர்வதில்லை. பெரியவர்கள் அதன் பின்னணியிலுள்ள பணக் கணக்கையும் படிக்க வேண்டும். பூங்காவுக்குப் பணம் தர ராயே முதலில் தயங்கினார். வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கித் திட்டம் தீட்டினார். ஏபிசி தொலைக்காட்சி ஐந்து லட்சம் டாலர் முதலீடும் பெருங்கடனுக்கு உத்தரவாதமும் தந்தது. ஈடாக வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி. மற்ற ஸ்டுடியோக்கள் தொலைக்காட்சியைப் பகையாகப் பார்த்த வேளையில், 1954 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி, இன்னும் கட்டிமுடியாத பூங்காவை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. 1955 ஜூலை 17இல் அனாஹைமில் பூங்கா திறந்தது, ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில். தனக்குப் பணம் தந்த அதே ஏபிசியை 1990களில் அந்த நிறுவனமே 1,900 கோடி டாலர் பேசி வாங்கியது. ஆனால் அந்தச் செய்தி இங்கே இல்லை.

இருக்கவும் முடியாது. பத்தாம் கூடம் 1966 டிசம்பர் 15 அன்று முடிகிறது. அறுபத்தைந்து வயது நிறைந்து பத்தே நாட்களில் நுரையீரல் புற்றுநோயால் வால்ட் இறந்த நாள். உலகின் பல பக்கங்களிலிருந்து வந்த இரங்கல் கடிதங்களும், மிக்கி கண்ணீர் விடும் செய்தித்தாள் கேலிச்சித்திரங்களும் சுவரில். ஒன்பது கூடங்களின் இசைக்கும் பேச்சுக்கும் பின் இங்கே பெரும் அமைதி. நிறுவனத்தின் முழு வரலாற்றையும் நாடிச் செல்பவர், ஓய்வைத் தள்ளிவைத்து ஃபுளோரிடா பூங்காவைக் கட்டி, தம்பியின் முழுப் பெயரையும் அதற்குச் சூட்டி, 1971 அக்டோபரில் திறந்துவைத்து, அதே டிசம்பரில் மறைந்த ராயின் கடைசிக் கட்டத்தையும், 1984இல் நிறுவனத்தையே பிறர் கையகப்படுத்த முயன்றதையும், 1989க்குப் பின் அதன் கார்ட்டூன் படங்களுக்கு வந்த மறுமலர்ச்சியையும், 2006இல் 740 கோடி டாலருக்கு பிக்ஸாரை வாங்கியதையும் வேறிடத்தில்தான் படித்தறிய வேண்டும்.

நிரந்தரக் கூடங்களில் குறைவாக ஒலிக்கும் பெயர்களை இந்த அருங்காட்சியகம் தற்காலிகக் கண்காட்சிகளில் முன்னிறுத்துவது எனக்கு மிகப் பிடித்த செயல். 1942இல் வந்த பேம்பி படத்தின் காட்டை, இலை இலையாக வரையாமல் மூடுபனியும் ஒளியுமாகக் கண்டவர் சீனாவிலிருந்து குடியேறிய ஓவியர் டைரஸ் வாங். வேலைநிறுத்தத்துக்குப் பின் அவரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. 2013இல், அவருக்கு நூறு வயது கடந்த பின், அவருடைய வாழ்நாள் படைப்புகளை இங்கே திரட்டிக் காட்டினார்கள். மறு ஆண்டு டிஸ்னி ஸ்டுடியோவின் ஓவியர் மேரி பிளேரின் வண்ண ஓவியங்களுக்கும் அவ்வாறே ஒரு பெருங்காட்சி நடந்தது. ஆகவே போகும் நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் அப்போது நடக்கும் சிறப்புக் கண்காட்சி எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டியவை மிகுதி என்பதால் ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நடுக்கூடங்களில் சோர்ந்துவிடக்கூடும்; அவர்களோடு செல்பவர்கள் படச்சட்டச் சுவர், கேமரா, பூங்காவின் மாதிரி ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். வரைபவர்களும் திரைப்படத் தொழிலில் இருப்பவர்களும் அரைநாளாவது ஒதுக்க வேண்டும். அதில் ஒரு மணி நேரத்தை ஷுல்தைஸின் குறிப்பேட்டுக்கு முன்னாலுள்ள திரைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுநாள் போனபோது அங்கே எனக்கு முன்பே ஓர் இளம்பெண் அமர்ந்து, பனித்துகள் சக்கரத்தின் படத்தைத் தன் ஏட்டில் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை பின்னால் நின்று காத்திருந்தேன்.